5090 வாங்கலாமா? பென்னாகரம் ஸ்டுடியோ தம்பிக்கு ஒரு நீளமான பதில்

கேள்வி இதுதான். பென்னாகரத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் தம்பி ஒருவரிடம் ஐ5 12400 ப்ராசசர், 32 ஜிபி ரேம், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை), என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு கொண்ட ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஓடுவது லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04. கையில் இரண்டரை லட்சம் ரூபாய். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டை எடுத்துவிடலாமா, லினக்ஸில் ஒழுங்காக ஓடுமா, இல்லை போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் போகலாமா என்று கேட்கிறார். பகலில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள், ராத்திரியில் கேம், இடையில் ஏஐ மொழி மாதிரிகளை வீட்டிலேயே தமிழில் ஓட்டிப் பார்க்கும் ஆசை. பதில் சொல்ல வந்த ஓசூர், கிருஷ்ணகிரி நண்பர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ‘லினக்ஸ்காரன் என்விடியா பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது’ என்கிறது ஒன்று. ‘குடா இல்லாத கார்டு வெறும் டிஸ்ப்ளே அட்டை’ என்கிறது இன்னொன்று. குடா என்பது கார்டில் கணக்கு வேலைகளை ஓட்ட என்விடியா தரும் மென்பொருள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி, உங்கள் வேலைக்கு 5090 வேண்டாம். அதே வரிசையின் சிறிய கார்டான 5070 டிஐ போதும். மிச்சமாகும் பணம் எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், எர்த் மூன்றுக்கும் போகட்டும். 5070 டிஐயின் 16 ஜிபி நினைவகத்துக்குள் அடங்காத பெரிய மாதிரிகளைத் தினசரி ஓட்டப்போகிறீர்கள் என்றால் மட்டும் 5090க்கு நியாயம் உண்டு. ஏன் என்பதைத்தான் கீழே விரித்திருக்கிறேன்.

முதலில் கட்சிச் சண்டையை முடித்துவிடலாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டியது 2012இல். அந்தப் படம் இன்றும் சுற்றுகிறது, ஆனால் நிலவரம் அங்கேயே நிற்கவில்லை. 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் மாட்யூலின், அதாவது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஏறும் டிரைவர் பகுதியின், மூலநிரலைத் திறந்துவிட்டது. பிளாக்வெல் எனப்படும் 50 வரிசைக் கார்டுகள் அந்தத் திறந்த மாட்யூலோடு மட்டுமே ஓடும். பழைய மூடிய மாட்யூலைப் போட்டால் கார்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. லினக்ஸில் திரையைக் காட்டும் முறையான வேலேண்டில் ஜன்னல்கள் மினுக்கும் பிரச்சினைக்கு 2024இல் 555 டிரைவரோடு வந்த எக்ஸ்ப்ளிசிட் சிங்க் என்ற வசதி பெரும்பாலும் முடிவு கட்டிவிட்டது. அதற்காக என்விடியா முழுக்கத் திறந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். குடாவும், படம் வரைய உதவும் வல்கன், ஓப்பன்ஜிஎல் நூலகங்களும் எல்லாம் இன்னும் மூடிய பெட்டிதான். ஏஎம்டியில் கெர்னல் டிரைவரும் அதன் மேல் நின்று படம் வரையும் மேசா நூலகமும் திறந்தவை, கார்டுக்குள் ஏறும் ஃபர்ம்வேர் மட்டும் மூடியது. கொள்கைக்காக ஏஎம்டி வாங்குகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. 2012இன் கோபத்தை வைத்து இன்றைய கார்டை ஒதுக்குகிறவரோடுதான் சண்டை.

கடையில் கார்டு வரும் நாளை வைத்து லினக்ஸ்காரர் கணக்குப் போடக்கூடாது. தன் டிஸ்ட்ரோவில் (உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பில்) உள்ள கெர்னலும் மேசாவும் அந்தக் கார்டை அடையாளம் காணும் நாள் எது என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. திறந்த டிரைவர் வைத்திருக்கும் ஏஎம்டிதான் நீண்டகால ஆதரவுப் (எல்டிஎஸ்) பதிப்புகளில் தாமதமாக வந்து சேர்கிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 2025 மார்ச் 6 அன்று வெளியானது. அதற்குக் குறைந்தபட்சம் 6.12 கெர்னல் வேண்டும், மேசா 25.0 வேண்டும். அன்றைய டெபியன் 12இல் இருந்தது 6.1 கெர்னல், மேசா 22.3. உபுண்டு 24.04இல் இருந்தது 6.8, புது வன்பொருளுக்கான எச்டபிள்யூஇ போட்டிருந்தால் 6.11. எனவே முதல் நாளே கார்டு வாங்கி எல்டிஎஸ் பெட்டியில் சொருகியவர்களுக்கு டெஸ்க்டாப் வந்தது, ஆனால் கார்டு விவரம் காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையில் ரெண்டரர் என்ற இடத்தில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று நின்றது. அந்தப் பெயரைப் பார்த்தால் கார்டு சும்மா இருக்கிறது, படம் முழுவதையும் ப்ராசசர் வரைகிறது என்று அர்த்தம். 2025 ஆகஸ்டில் வந்த 24.04.3இல் 6.14 கெர்னலும் மேசா 25.0உம் கிடைத்தன. அதே மாதம் வெளியான டெபியன் 13, 6.12 கெர்னலோடும் மேசா 25.0ஓடும் வந்தது. ஃபெடோரா 42 வைத்திருந்தவர்களுக்கு ஏப்ரலிலேயே சிக்கல் தீர்ந்துவிட்டது.

கெர்னல் புதிதாக இருந்தும் திரை கருப்பாக இருந்தால் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜ் பழையதாக இருக்கும். கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜில் ‘ஏஎம்டிஜிபியு’ என்று தேடுங்கள். ஜிசி 12_0_1 என்று தொடங்கும் ஒரு கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை மைனஸ் 2 என்று வரி இருந்தால் கோப்பு வட்டில் இல்லை என்பதே பொருள். கார்டில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

என்விடியாவின் கதை வேறு. 5090 வெளியான 2025 ஜனவரி 30 அன்றே 570 வரிசையின் பீட்டா டிரைவர் வந்துவிட்டது. டிரைவர் தனிப் பொட்டலமாக வருவதால் உங்கள் கெர்னல் 6.8 ஆனாலும் 6.14 ஆனாலும் கவலை இல்லை. சிக்கல் போடுகிற முறையில்தான் இருக்கிறது. உங்கள் பெட்டியில் ஜிடிஎக்ஸ் 1060 இருப்பதால் வரிசை மாறினால் நிச்சயம் மாட்டிக்கொள்வீர்கள். திறந்த மாட்யூல் டூரிங் தலைமுறைக்கு முந்தைய கார்டுகளை ஆதரிக்காது, 1060 பாஸ்கல் தலைமுறை. புதுக் கார்டுக்குத் திறந்த மாட்யூல் கட்டாயம். ஆக இரண்டும் ஒரே பெட்டியில் ஒரே டிரைவரில் சேர்ந்து ஓட வழியே இல்லை.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். 12400க்குள் இன்டெல் கிராபிக்ஸ் இருக்கிறது, அது நமக்கு வசதி. பயாஸில் உள் கிராபிக்ஸை எப்போதும் இயங்கும்படி வையுங்கள். சில மதர்போர்டுகளில் ‘ஐஜிபியு மல்டி-மானிட்டர்’ என்று இருக்கும். பெட்டியை அணைத்து 1060ஐக் கழற்றுங்கள், மானிட்டர் கேபிளை மதர்போர்டின் பின்பக்கத்தில் மாட்டுங்கள். உபுண்டு எழுந்ததும் பழைய என்விடியா பேக்கேஜ்கள் அனைத்தையும் பர்ஜ் செய்யுங்கள், அதாவது அமைப்புக் கோப்புகளோடு நீக்குங்கள். பிறகு உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே 570 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணும் கடைசியில் ‘ஓப்பன்’ என்ற வாலும் உள்ள டிரைவரைப் போடுங்கள். ‘சர்வர்’ என்று பெயரில் இருப்பது வேண்டாம். அதன் பிறகுதான் புதுக் கார்டைச் சொருக வேண்டும். என்விடியா தளத்தில் கிடைக்கும் ‘ரன்’ கோப்பைத் தொடவே தொடாதீர்கள். அடுத்த கெர்னல் அப்டேட் வந்ததும் அது உடையும். உபுண்டுவின் நிறுவியான ஆப்ட் போட்ட கோப்புகளோடு கலந்துவிட்டால் பிரித்தெடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

கையெழுத்தில்லாத மாட்யூலை ஏற்றவிடாத செக்யூர் பூட் இயங்கும் பெட்டியில் இன்னொரு குழி உண்டு. உபுண்டு கையெழுத்திட்டு வைத்திருக்கும் ஆயத்த மாட்யூல் கிடைத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக உங்கள் பெட்டியிலேயே மாட்யூல் கட்டப்பட்டால் நடுவில் ஒரு கடவுச்சொல் கேட்கும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த பூட்டில் நீலத் திரை வந்து சில நொடிகள் காத்திருக்கும். அதில் ‘என்ரோல் எம்ஓகே’ (உங்கள் சாவியைப் பதிவு செய்) என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். விண்டோஸின் நீலத் திரை என்று பயந்து எதையோ தட்டி ‘கன்டினியூ பூட்’ கொடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிக் கொடுத்தால் மாட்யூல் ஏறாது, கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டினால் டிரைவரோடு பேச முடியவில்லை என்று சொல்லும். மூடிய மாட்யூலைப் போட்டிருந்தாலும் அதே செய்திதான் வரும். இரண்டையும் பிரித்தறிய டிமெசேஜைப் பாருங்கள். ‘இந்தக் கார்டுக்குத் திறந்த கெர்னல் மாட்யூல் தேவை’ என்ற பொருளில் என்விஆர்எம் வரி ஒன்று ஆங்கிலத்தில் இருந்தால் பேக்கேஜ் தவறு. சாவி நிராகரிக்கப்பட்டது என்று இருந்தால் எம்ஓகே விடுபட்டிருக்கிறது.

ஃபெடோராக்காரர்களுக்கு ஒரே வரி: என்விடியா மாட்யூலைக் கட்டும் ஏகேமாட் பேக்கேஜ் போட்டதும் உடனே ரீபூட் செய்யாதீர்கள், பின்னணியில் மாட்யூல் கட்டி முடிய ஐந்து நிமிடமாவது விடுங்கள்.

தூக்கத்திலிருந்து எழும்போது திரை குப்பையாக வருகிறது என்ற புகார் என்விடியாவில் அடிக்கடி வரும். வீடியோ நினைவகத்தைப் பாதுகாக்கும் ‘ப்ரிசர்வ் வீடியோ மெமரி அலோகேஷன்ஸ்’ என்ற மாட்யூல் தேர்வு 1 ஆகவும், என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ரெஸ்யூம் இரண்டு சர்வீஸ்களும் இயங்கியும் இருக்க வேண்டும். அந்த நினைவகத்தை அது கொட்டி வைக்கும் இடம் இயல்பாக டெம்ப் ஃபோல்டர். சில டிஸ்ட்ரோக்களில் டெம்ப் ரேமிலேயே இருக்கும். 32 ஜிபி கார்டின் நினைவகத்தை 32 ஜிபி ரேம் உள்ள பெட்டியில் ரேமிலேயே கொட்டப் பார்த்தால் என்ன ஆகும்? தூங்கப் போகும்போதே தொங்கிவிடும். ‘டெம்பரரி ஃபைல் பாத்’ என்ற தேர்வை வட்டில் உள்ள வார்-டெம்ப் ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். ரிசால்வ்தான் உங்கள் சோறு. லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. 295 டாலர் கொடுத்து ஸ்டுடியோ பதிப்பு வாங்கினால் கார்டின் உதவியோடு திறக்கும். எந்தப் பதிப்பானாலும் ஏஏசி ஒலி லினக்ஸில் வராது. உங்கள் கேமரா எம்பி4 கோப்பிலும் பிசிஎம் ஒலி எழுதுவதாக இருந்தால் தப்பித்தீர்கள். மாப்பிள்ளை வீட்டார் போனில் எடுத்துத் தரும் துண்டுகளில்தான் ஒலி காணாமல் போகும். அவற்றை எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் வீடியோவைத் தொடாமல் அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் 16 பிட் பிசிஎம் ஆக்கி எம்ஓவி கோப்பாகச் சேமித்தால் போதும். படத்தின் தரம் குறையாது, ஒரு கோப்புக்குச் சில நொடிகளே ஆகும். ஒரு ஃபோல்டர் முழுக்கச் செய்ய நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசால்வ் அதிகாரப்பூர்வமாக ராக்கி லினக்ஸ் என்ற டிஸ்ட்ரோவைத்தான் ஆதரிக்கிறது. உபுண்டு 24.04இல் நிறுவும்போது பேக்கேஜ் சோதனையைத் தாண்டச் சொல்ல வேண்டியிருக்கும். நிறுவியபின் ஐகானைத் தட்டினால் ஒன்றுமே நடக்காது. டெர்மினலில் ஓட்டினால் பேங்கோ நூலகம் ஒரு சிம்பலைக் காணோம் என்று திட்டும். ரிசால்வ் தன்னோடு கொண்டுவரும் பழைய ஜிலிப் நூலகம் உபுண்டுவின் புதியதோடு மோதுவதுதான் காரணம். வேரில் உள்ள ‘ஓபிடி’ ஃபோல்டருக்குள் ரிசால்வ், அதற்குள் லிப்ஸ் ஃபோல்டருக்குப் போங்கள். அங்கே ஜிலிப், ஜிஐஓ, ஜிமாட்யூல் என்று தொடங்கும் கோப்புகளைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்தினால் திறந்துவிடும். ஒவ்வொரு முறை ரிசால்வை அப்டேட் செய்யும்போதும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஏஎம்டியில் ரிசால்வ் ஓட குடாவுக்கு ஏஎம்டியின் பதிலான ராக்எம்மின் ஓப்பன்சிஎல் வேண்டும். மேசா மட்டும் இருந்தால் போதாது. 9070 வரிசைக்கு ராக்எம் அதிகாரப்பூர்வ ஆதரவு 2025 மே மாதம் 6.4.1 பதிப்பில்தான் வந்தது. ஓட வைக்கலாம், ஓட வைத்தவர்களும் உண்டு. ஆனால் முகூர்த்த மாதத்தில், ஆல்பத்துக்குக் கெடு சொல்லிவிட்ட பின், ராக்எம் பதிப்பைத் துரத்திக்கொண்டு திரிவது தொழிலுக்கு ஆகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஸ்டுடியோ பெட்டியில் என்விடியா என்கிறேன்.

அடுத்து, நிறத்தைக் கூடுதல் விவரத்தோடு பதியும் 4:2:2 10 பிட் வீடியோ. சோனி கேமராக்காரர்கள் இதில் எடுப்பது வழக்கமாகிவிட்டது. முந்தைய 40 வரிசை வரை என்விடியா இதை வன்பொருளில் பிரிக்காது, ப்ராசசர் திணறும். 50 வரிசையில்தான் இந்த வசதி வந்தது, 5090 முதல் 5070 டிஐ வரை எல்லாவற்றிலும் உண்டு. ரிசால்வும் புதிய பதிப்பாக இருக்க வேண்டும். 5090இல் வீடியோவைச் சுருக்கும் என்கோடர் மூன்று, பிரிக்கும் டிகோடர் இரண்டு. 5080இல் இரண்டும் இரண்டும். 5070 டிஐயில் இரண்டு என்கோடர், ஒரு டிகோடர். மூன்று கேமரா மல்டிகேமை ஒரே நேரத்தில் ஓட்டினால் வித்தியாசம் தெரியும். சிறிய நகலான ப்ராக்ஸி போட்டு எடிட் செய்கிறவருக்குத் தெரியாது. 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டாலும் கல்யாண வீடியோ வேலைக்கு 16 ஜிபி தாங்கும்.

மொழி மாதிரிக்கு வந்தால் கணக்கு எளிது. கூகுளின் ஜெம்மா 3இல் 12 பில்லியன் அளவுருக்கள் கொண்ட மாதிரி 4 பிட்டுக்குச் சுருக்கினால் சுமார் 8 ஜிபி பிடிக்கும், 27 பில்லியன் சுமார் 17 ஜிபி. முன்னது 16 ஜிபி கார்டில் தாராளமாக அமரும், பின்னது அமராது. ஒவ்வொரு டோக்கனுக்கும் (சொல்லின் துண்டு) மாதிரி முழுவதையும் ஒருமுறை படிக்க வேண்டியிருப்பதால், நினைவக வேகத்தை மாதிரியின் அளவால் வகுத்தால் நொடிக்கு எத்தனை டோக்கன் என்ற உச்சவரம்பு கிடைக்கும். 5090இன் வேகம் நொடிக்கு 1,792 ஜிபி. 27 பில்லியனுக்கு வகுத்தால் 105 வருகிறது. 5070 டிஐ 896 ஜிபி. 12 பில்லியனுக்கு 112. நிஜத்தில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். 9070 எக்ஸ்டிக்கு 640 ஜிபி. மாதிரிகளை ஓட்டும் லாமா.சிபிபி மென்பொருளின் வல்கன் வழியில் ராக்எம் இல்லாமலே அது ஓடும் என்பதையும் ஏஎம்டி கட்சிக்காகச் சொல்லிவைக்கிறேன். தமிழுக்கென்று ஒரு எச்சரிக்கை: ஒரே விஷயத்தைச் சொல்ல ஆங்கிலத்தைவிடத் தமிழ் கூடுதல் டோக்கன் தின்கிறது. நீளமான தமிழ்க் கட்டுரையைக் கொடுத்தால் மாதிரி போக மீதியிருக்கும் நினைவகம் சீக்கிரம் நிறையும். இரண்டு மூன்று ஜிபி எப்போதும் காலியாக இருக்கும்படி மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்.

பைடார்ச் என்ற ஏஐ நூலகத்தை ஓட்டுகிறவர்கள் பழைய சூழலை அப்படியே புதுக் கார்டுக்குக் கொண்டுவந்தால் ‘நோ கெர்னல் இமேஜ் இஸ் அவைலபிள்’ என்ற பிழை வரும். இதற்கும் லினக்ஸ் கெர்னலுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பைடார்ச்சை பிளாக்வெல்லுக்குக் கட்டவில்லை, அவ்வளவுதான். குடா 12.8ஓடு கட்டிய பைடார்ச் 2.7 அல்லது அதற்குப் பிந்தையதைப் போடுங்கள்.

கேமைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானில் ஓடுவது இரண்டிலும் ஓடும். பல டிஎக்ஸ்12 கேம்களில் என்விடியா லினக்ஸில் விண்டோஸைவிட வேகம் குறைகிறது, ஏஎம்டியில் அந்த இழப்பு அவ்வளவு இல்லை. கேம் மட்டுமே நோக்கம் என்றால் 9070 எக்ஸ்டிதான் என் கை போகும் கார்டு. ஆனால் ஏஎம்டியில் எச்டிஎம்ஐ வழியாக டிவியில் ஆட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். திறந்த டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 கொடுக்க ஏஎம்டி கேட்ட அனுமதியை எச்டிஎம்ஐ ஃபோரம் 2024இல் மறுத்துவிட்டது. 4கேயில் முழு நிறத்தோடு 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டர் வாங்குங்கள். வேலரண்ட், ஃபோர்ட்நைட் போன்றவை ஆட்டத்தில் ஏமாற்றுவதைத் தடுக்கும் ஆன்டி-சீட் காரணமாக லினக்ஸில் ஓடாது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸும் 2024 அக்டோபர் இறுதியில் கதவைச் சாத்திவிட்டது. இரண்டு லட்சம் கொடுத்துக் கார்டு போட்டாலும் இது மாறாது.

யாரும் வாயைத் திறக்காத விஷயம் கரன்ட். 5090இன் மின் வரம்பு 575 வாட். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 48 ஆம்பியர். கார்டின் பவர் கேபிளை மாட்டும் 16 முள் இணைப்பில் 12 வோல்ட் செல்லும் முட்கள் ஆறுதான், அப்படியானால் முள்ளுக்கு 8 ஆம்பியர். ஒரு முள் தாங்கும் வரம்பு 9.5 ஆம்பியர் அளவுக்குத்தான். இடைவெளி எவ்வளவு குறைவு பாருங்கள். இணைப்பு முழுதாக உட்காராமல் ஒன்றிரண்டு முட்களில் தொடர்பு தளர்ந்தால் மின்சாரம் மற்ற முட்களில் பாயும். ஆறு பேர் தூக்க வேண்டிய பல்லக்கை இரண்டு பேர் தூக்குவது மாதிரி. கார்டோ எந்த முள்ளில் எவ்வளவு போகிறது என்று தனித்தனியாகப் பார்த்துச் சமன் செய்வதில்லை. 2022இல் 4090இல் தொடங்கிய இணைப்பு உருகும் கதை 2025 பிப்ரவரியில் 5090இலும் வந்ததற்குப் பின்னணி இதுதான். 5070 டிஐ 300 வாட். முள்ளுக்கு 4.2 ஆம்பியர், நிம்மதியாகத் தூங்கலாம்.

எந்தக் கார்டானாலும் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த நேரடிக் கேபிளாக இருக்கட்டும். வேறு மாடலின் கேபிள் முள் பொருந்தினாலும் உள் வயரிங் மாறியிருக்கலாம், போட்டால் புகைதான். ‘க்ளிக்’ சத்தம் கேட்டதும் விட்டுவிடாமல் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். பிளாஸ்டிக் இரண்டுக்கும் இடையில் மயிரிழை இடைவெளிகூடத் தெரியக்கூடாது. இணைப்பிலிருந்து மூன்று நாலு சென்டிமீட்டர் தூரத்துக்குக் கேபிளை வளைக்காதீர்கள். கேபினட்டின் கண்ணாடிக் கதவு கேபிளை அழுத்தினால் கேபினட்டை மாற்றுங்கள். கார்டின் நீளத்தையும் முன்னமே அளந்துவிடுங்கள், சில 5090கள் 35 சென்டிமீட்டரைத் தாண்டும், முன் ஃபேன் இடிக்கும்.

5090தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் முதல் நாளே என்விடியா-எஸ்எம்ஐயில் ‘பிஎல்’ தேர்வு கொடுத்து வரம்பை 450 வாட்டுக்கு இறக்குங்கள். வேக இழப்பு பெரும்பாலும் பத்து சதவீதத்துக்குள் அடங்கும், முள்ளுக்குச் சுமை 6.25 ஆம்பியராகக் குறையும். ரீபூட் செய்தால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும் என்பதால் சிஸ்டம்டியில் சின்ன சர்வீஸ் ஒன்று எழுதி ஒவ்வொரு பூட்டிலும் ஓடவையுங்கள். ஏஎம்டியில் இதற்கு லாக்ட் என்ற கருவி இருக்கிறது.

உங்கள் 550 வாட் எஸ்எம்பிஎஸ் இரண்டுக்குமே ஆகாது. என்விடியா 5090க்கு 1,000 வாட்டும் 5070 டிஐக்கு 750 வாட்டும் பரிந்துரைக்கிறது. ஏடிஎக்ஸ் 3.1 என்று போட்ட கோல்டு தர மாடல் வாங்குங்கள். நொடியின் சின்னத் துண்டில் கார்டு இரு மடங்கு இழுத்தாலும் தாங்கும்படி சோதித்த தரம் அது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் கேம் நடுவே பெட்டி சட்டென்று அணைவதற்கு இந்தத் தாவல்தான் காரணம்.

யூபிஎஸ்ஸில் விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், வாட் எண்ணைப் பாருங்கள். கடைகளில் எடுத்ததும் நீட்டும் 600 விஏ மாடல் 360 வாட்தான் தரும். 5090 பெட்டி சுவரிலிருந்து 800 வாட்டுக்கு மேல் இழுக்கும், 5070 டிஐ பெட்டி 500 வாட் சுமார். முன்னதற்கு 2,000 விஏ, பின்னதற்கு 1,500 விஏ எடுத்தால் கரன்ட் போனதும் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். பியூர் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் மலிவு யூபிஎஸ்ஸின் கட்ட அலைக்கு மாறும் கணத்தில் அணைந்துவிடக்கூடும், யூபிஎஸ் இருந்தும் இல்லாத கதைதான். வீட்டு இன்வெர்ட்டரில் இந்தப் பெட்டியைச் சேர்க்காதீர்கள். மாத ஷட்டவுன் நாளில் ரெண்டர் போடாமல் இருப்பதே மேல்.

லோ வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று கிராமப் பக்கம் கேட்பார்கள். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 180 வோல்ட் ஒரு பிரச்சினையே இல்லை. ரிலே ஸ்டெபிலைசர் டக் டக் என்று மாறும் இடைவெளிதான் பெட்டியை ரீசெட் ஆக்கும். எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். பென்னாகரம், கிருஷ்ணகிரி வட்டாரப் பாறை மண்ணில் எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும். கேபினட்டில் கை வைத்தால் ஜிவ்வென்று இழுத்தால் எர்த் செத்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் டிவியையோ மானிட்டரையோ எச்டிஎம்ஐ கேபிளில் ஓட ஓடச் சொருகினால் போர்ட் போய்விடும், வாரன்டியும் பேசாது. எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். ஃபேஸ்-நியூட்ரல் அளவுக்கு நெருக்கமாக வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் நின்றால் குழியைக் கவனியுங்கள். உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பாதி சரியாகும்.

பில் பற்றியும் ஒரு கணக்கு. தினம் 5 மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் இரண்டு மாதத்தில் 5090 பெட்டிக்கு 240 யூனிட், 5070 டிஐக்கு 150. வீட்டு இணைப்பில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

அந்த 800 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வந்து சேரும். ஓசூர்க்காரருக்கு டிசம்பரில் இதமாகக்கூட இருக்கும். தர்மபுரி பக்கம் சித்திரையில் ஏசி இல்லாத தகர ஷீட் அறையில் வைத்தால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கிரானைட் பாலிஷ் பட்டறை பக்கத்தில் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் அடியுங்கள், அடிக்கும்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவது எங்கே? பெங்களூர் எஸ்பி ரோடு பக்கம், சென்னை ரிச்சி தெரு தூரம். 2025இல் வெளியானபோது அறிவித்த விலை 5090க்கு 2,14,000, 5080க்கு 1,07,000, 5070 டிஐக்கு 80,000 ரூபாய். கடையில் இதைவிடக் கூடத்தான் சொல்வார்கள், வெளியான முதல் மாதங்களில் ரொம்பவே கூடச் சொல்வார்கள். 5080ஐ நான் சிபாரிசு செய்யாததற்குக் காரணம், அதிலும் அதே 16 ஜிபிதான். ஜிஎஸ்டி எண் இருந்தால் பெங்களூரில் வாங்கும்போது உங்கள் எண்ணைப் போட்டு மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐஜிஎஸ்டி பில் கேளுங்கள். கர்நாடக எஸ்ஜிஎஸ்டி என்று போட்டுவிட்டால் அந்த 18 சதவீதத்தை நீங்கள் கழித்துக்கொள்ள முடியாது. பில்லில் உள்ள சீரியல் எண், டப்பாவில் உள்ளது, கார்டில் உள்ளது மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இந்தியாவில் வாரன்டி செல்லுமா என்று அந்தத் தயாரிப்பாளரின் தளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே சோதித்து முடியுங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவான வடிவத்தில் ஓட்டி, சுமையில் இருக்கும்போது இணைப்பு அகலம் 16 என்று காட்டுகிறதா பாருங்கள். 8 என்று இருந்தால் கழற்றித் திரும்பச் சொருகுங்கள், இல்லையென்றால் பக்கத்து எம்.2 ஸ்லாட் பாதையைப் பகிர்கிறதா என்று மதர்போர்டு கையேட்டில் பாருங்கள். கார்டை ஸ்லாட்டிலிருந்து தள்ளி மாட்ட உதவும் ரைசர் கேபிள் வைத்துக் கருப்புத் திரை வந்தால் பயாஸில் ஸ்லாட்டை ஜென் 4க்கு இறக்குங்கள், வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையாது. பிறகு ஒரு மணி நேரம் முழுச் சுமை கொடுத்து, டிமெசேஜில் ‘எக்ஸ்ஐடி’ என்று தேடுங்கள். 79 என்ற எண் வந்தால் கார்டு பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டது என்று டிரைவர் சொல்கிறது. உடனே டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். முதலில் பவர் கேபிள், அடுத்து ரைசர், அடுத்து எஸ்எம்பிஎஸ். மூன்றையும் மாற்றிப் பார்த்தும் அதே எண் வந்தால் கார்டை டப்பாவில் போட்டு, பில்லோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.